குப்புறப் படுத்த குட்டி

"பெட்டையா ஆணா, சட்டுனு பார்த்துச் சொல்லும்மா டாக்டர்! இந்தக் கிழவன் மூஞ்சியைப் பார்க்கறதுக்கு அம்மான் நகரத்துல இருந்து இடுப்பொடிய வந்துட்டே இருக்க என்னால ஆகாது."

லாயத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார் அபூ ஷிப்லி. உள்ளே கஹ்லாவின் கயிற்றைப் பிடித்தபடி நின்ற அபூ தலாலும் விடுவதாயில்லை.

"உன்னை யாரு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சா? வீட்டுலயே கிடக்க வேண்டியதுதானே?"

"நான் வராட்டி பெட்டையை ஆணுன்னு சொல்லி அமுக்கிடுவே. ஒரே கூடாரத்துல உன்னோட வளர்ந்தவன்டா நான். உன்னைத் தெரியாதா?"

கஹ்லா, அபூ ஷிப்லி வீட்டில் பிறந்த குதிரை. அவர் அதை அபூ தலாலுக்கு விற்றபோது அந்தப் பாலைவனத்து வழக்கப்படி ஒரு நிபந்தனை போட்டார்கள். அது ஈனும் முதல் இரண்டு பெட்டைக் குட்டிகள் விற்றவருக்குச் சொந்தம். முதல் பெட்டை எப்போதோ போயாயிற்று. அதற்குப் பிறகு பிறந்த மூன்றும் ஆண். இன்னும் ஒரு பெட்டை பாக்கி.

வயிற்றுக் குட்டியைப் பற்றிய சேதியை இருவரும் நேரில் நின்றுதான் கேட்க வேண்டும், போனில் கேட்டது செல்லாது என்பதும் பேச்சு. அதனால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மகன் ஷிப்லி தன் அப்பாவைக் காரில் கொண்டுவந்து இறக்குவான். முடியும்வரை காரைவிட்டு இறங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். சினையான பதினைந்தாம் நாள் இரட்டையா என்று பார்த்தார்கள். முப்பதாம் நாள் இதயத் துடிப்பு. இன்று அறுபத்தைந்தாம் நாள், ஆணா பெண்ணா என்று தெரிகிற நாள்.

டாக்டர் ருலா தோள்வரைக்கும் உறை மாட்டிய கையைக் குதிரையின் பின்புறம் உள்ளே விட்டு, கண்ணைச் சின்னத் திரையில் வைத்திருந்தாள்.

"அசையாம பிடிங்க பெரியப்பா. இதோ தலை... விலா... வால் பக்கம் வந்துட்டேன். வாலுக்குக் கீழே பாருங்க, ரெண்டு குட்டி வெள்ளைக் கோடு. பெட்டைதான்! பளிச்சுனு தெரியுது."

அபூ தலாலின் முகம் விழுந்துவிட்டது. "சத்தம் போடாதே" என்றார்.

"குட்டி கைவிட்டுப் போயிடுமேன்னு கவலையா?"

"குட்டி கிடக்குது. அவனோடது, அவன் கொண்டுபோகட்டும். பெட்டைன்னு தெரிஞ்சா அவன் மகன் என்ன சொல்லுவான் தெரியுமா? 'பிறந்து பால் மறந்ததும் போன் பண்ணுங்க, லாரி அனுப்பறேன்'னுவான். நிபந்தனையும் தீர்ந்தது. அப்புறம் இவனை எதுக்கு இங்க கூட்டிட்டு வரப்போறான்?"

"அப்போ ஆணுன்னு சொல்லிடவா?"

"அது இன்னும் மோசம். 'இந்த வருஷம் நமக்கு இங்க வேலையே இல்ல'ன்னு இன்னைக்கே கிளப்பிக்கிட்டுப் போயிடுவான். நாலாவது மாடியில அடைஞ்சு கிடக்கான்மா கிழவன். பேசறதுக்கு ஒரு ஆள் கிடையாது."

வெளியே அபூ ஷிப்லி, காபி எங்கே, இந்த வீட்டில் விருந்தாளிக்கு மரியாதையே இல்லையா என்று இரைந்தார். அபூ தலால் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அவனை மட்டும் சொல்லுவானேன். என் மகன் தலால் கத்தார்ல இருக்கான். என் பொண்டாட்டி போனதுக்கு அப்புறம் என்னைத் திட்டறதுக்கு இவனை விட்டா எனக்கு யாரும் இல்ல. தெரியலைன்னு சொல்லிடும்மா. தெரியாத வரைக்கும் அவன் வந்துதான் ஆகணும்."

ருலா அவரையே பார்த்தாள். உதட்டைக் கடித்தும் அடங்காமல் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்."

"மெஷின் பொய் சொல்லாது பெரியப்பா."

"மெஷின் சொல்ல வேண்டாம். நீ சொல்லு."

அவள் உறையைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். அபூ தலால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"குட்டி குப்புறப் படுத்திருக்கு. ஒண்ணும் தெரியல. அடுத்த மாசம் மறுபடி பார்க்கணும்."

அபூ ஷிப்லி கைத்தடியால் தரையை ஓங்கிக் குத்தினார். "என்ன மெஷினோ, என்ன படிப்போ! இந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல இன்னொரு தடவையா? ஷிப்லி, கேட்டியாடா இந்தக் கொடுமையை?"

காரில் இருந்த ஷிப்லி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "என்னப்பா பண்றது? பேச்சுன்னா பேச்சு. அடுத்த மாசமும் வந்துதான் ஆகணும்."

அபூ தலாலுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. "இருடா, காபி கொண்டாறேன். குடிச்சுட்டுக் கத்து" என்று உள்ளே ஓடினார். ஏலக்காய் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. கூஜாவோடு திரும்பி வந்தவர், லாயத்தின் மூலையில் சட்டென்று நின்றுவிட்டார்.

அபூ ஷிப்லி டாக்டரின் கையைப் பிடித்து இழுத்து, கார்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீ நல்லா இருப்பே மகளே. காலையில போன்ல நான் கெஞ்சிக் கேட்டபடியே 'தெரியல'ன்னு சொல்லிட்டே. அந்தக் கிழவன் காதுல மட்டும் இது விழுந்துடக் கூடாது!"