412 வேலைக்கு வந்தது

முதலிபாளையத்தில் தன் பனியன் கம்பெனி எரிந்த அதே ஷெட்டில்தான் முதலாளி வேல்குமார் இப்போது குவாண்டம் நினைவகம் செய்கிறார். ஒளியில் வரும் தகவலை உறைகுளிரில் ஒரு படிகம் பிடித்துவைக்கும். ஒருமுறை வாசித்தால் அழிந்துவிடும்.

காலிப் படிகத்தை வாசித்தால் பூஜ்யம்தான் வர வேண்டும். ஒன்பது நாளாகக் காலை எட்டரைக்கு 412 வருகிறது.

"அழிச்சுப் போடுங்க கண்ணு" என்றார் வேல்குமார்.

"ஒன்பது தடவை அழிச்சாச்சு" என்றாள் பொறியாளர் ஜெசிந்தா.

412 அவள் அம்மாவின் டோக்கன் எண். அந்தக் கம்பெனியில் வாசல் ஆணியிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டுதான் யாரும் உள்ளே போவார்கள். தீப்பிடித்த அன்று அம்மா வீடு திரும்பவில்லை. 412 ஆணியில்தான் தொங்குகிறது, அவள் வேலைக்கே வரவில்லை என்று போலீசிடம் காட்டியவர் வேல்குமார்.

"வாசப்பக்கம் தீயே வரல. ஆணியில தொங்குன டோக்கன்ல கரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"பழசெல்லாம் இப்ப எதுக்குங்க?"

"அப்ப நீங்களே அழிங்க. உங்க கைக்குப் பழக்கந்தான?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தார். படிகத்தையும் மாற்றச் சொன்னார்.

மறுநாள் எட்டரைக்கு வேலை தொடங்கும் சங்கு ஊதியது. வேல்குமார் திரைமுன் நின்றிருந்தார்.

412.

அம்மா சரியான நேரத்துக்கு வேலைக்கு வந்திருந்தாள்.