பூட்டு உடையாத வீடு

சர்வேயர் முட்டிபோட்டு உட்கார்ந்து பூட்டைப் பார்த்தார்.

பட்டப்பகல் பதினோரு மணி. அப்படியும் செல்போன் விளக்கை அடித்துச் சாவித் துவாரத்துக்குள் பார்த்தார். நிலையைத் தடவினார். தாழ்ப்பாளைத் தடவினார்.

ஒரு கீறல் இல்லை.

அவள் அவருக்குப் பின்னால் நின்றாள். திருட்டுப் போய் ஒன்பது நாள். போலீஸ் வந்து பார்த்தாயிற்று. தெருவே வந்து பார்த்தாயிற்று. இப்போது இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய இவர்.

"உடைச்ச அடையாளமே இல்லீங்களே, மேடம்."

பீரோவும் அப்படித்தான் இருந்தது. அடுக்கிய சேலை அடுக்கியபடி. நகைப்பெட்டி மட்டும் இல்லை.

"பீரோ சாவி எங்க வெச்சிருப்பீங்க?"

"அரிசி டிரம்முக்குள்ளீங்க. அடியில."

"இப்ப?"

"அங்கயேதான் இருக்குது."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

கூடத்துக் கோடியில் அவள் கணவன் குணசேகரன் உட்கார்ந்திருந்தான். இதற்காகவே மில்லுக்கு லீவு போட்டிருந்தான்.

சர்வேயர் பாலிசியைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். பதினெட்டுப் பக்கம். பதினோராம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பேனாவை வைத்தார்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. மாத்திரை அட்டையின் முதுகில் எறும்புபோல ஊரும் எழுத்தைப் பதினான்கு வருடமாக வாசிக்கிறாள். காலாவதித் தேதி ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. இதை மட்டும் வாசித்ததில்லை. வீட்டுக்கடன் வாங்கிய அன்று பேங்க்கில் நீட்டினார்கள். எல்லாத்துக்கும் கவர் ஆயிருமுங்க என்றார்கள். கையெழுத்துப் போட்டாள்.

இப்போது வாசித்தாள்.

பூட்டையோ கதவையோ சன்னலையோ உடைத்து, பலவந்தமாக நுழைந்திருந்தால்தான் அது திருட்டு.

காதுமடல் சுட்டது.

"அப்ப திருடன் கள்ளச்சாவி போட்டு நோவாம வந்துட்டுப் போனா, அது திருட்டு இல்லீங்களா? கடப்பாரையோட வாடான்னு நான் சொல்லியனுப்போணுங்களா?"

அவர் பேனாவை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

"ஆறு வருசமாக் கட்டறேன். ஒருதடவை ரெண்டு நாள் தள்ளிப்போனதுக்கு எத்தனை போன் பண்ணுனீங்க! இந்த வரியைச் சொல்றதுக்கு மட்டும் ஒருத்தருக்கும் வாய் வல்லீங்களா?"

பதினோரு பவுன். அம்மா போட்டு அனுப்பியது நாலு. மீதி ஏழும் கடையில் நின்று நின்று, கால் வீங்கி, அவள் சேர்த்தது.

சர்வேயர் பேனாவை மூடினார். திரும்பத் திறந்தார். கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வரியையும் படிச்சிருங்க, மேடம்."

படித்தாள்.

அந்த வீட்டில் குடியிருப்பவர் எடுத்தாலும், குடியிருப்பவருக்குத் தெரிந்தே வேறொருவர் எடுத்தாலும், ஈடு கிடையாது.

மறுபடி, வாய்விட்டுப் படித்தாள்.

மகள் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இந்த வீட்டில் குடியிருப்பது இரண்டே பேர்.

என் வீட்டுக்குள் வந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, எங்களையே திருடர்கள் என்கிறான் இந்த மனுசன்.

குணசேகரன் பக்கம் திரும்பினாள். அவனுக்குக் கேட்டிருக்கும். எட்டடி தூரம்தான். சில்லறை தராத கண்டக்டரோடு மல்லுக்கட்டி, பஸ்ஸையே நடுரோட்டில் நிறுத்தியவன். இருபது ரூபாய் கூடக் கேட்ட சிலிண்டர்காரரின் சட்டையைப் பிடித்தவன். இதோ, எழுந்து வருவான். வந்து இந்த ஆளை வாசலுக்குத் தள்ளுவான்.

அவன் நாற்காலிக் கைப்பிடியில் உரிந்திருந்த வயரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இவரு சொல்றது கேட்டுதுங்களா?"

"விடு கண்ணு." தலை நிமிரவில்லை. "அவரு வேலையை அவரு பாக்கறாரு."

விடு கண்ணு.

போலீசுக்குப் போக வேண்டாம் என்றபோதும் இதையேதான் சொன்னான். இன்சூரன்சுக்கு எழுதிப்போட வேண்டாம் என்றபோதும் இதையேதான். போனது போகட்டும், நீ வெசனப்படாதே என்று தலையைத் தடவிக் கொடுத்தான். ஒன்பது நாளாக அதைப் பாசமென்று எண்ணி, அவன் மடியில் படுத்து அழுதிருக்கிறாள்.

அரிசி டிரம்முக்குள் சாவி இருப்பது மகளுக்குக்கூடத் தெரியாது.

எடுத்த கை அந்தச் சாவியைத் திரும்ப உள்ளே புதைத்து, அரிசியை நிரவி, மூடியையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்துகிற கோபமெல்லாம் பூட்டைப் பார்த்த ஆளோடு தீர்ந்துபோயிருந்தது. இது வேறு. அடிவயிற்றிலிருந்து, அவசரமே இல்லாமல் ஏறி வந்தது.

சர்வேயர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நரைத்த மீசைக்காரர். இப்படி எத்தனை வீட்டு மேசைகளில் உட்கார்ந்து எழுந்தவரோ.

"கிளெய்ம் நிக்காதுங்க, மேடம். காரணம்னு ஏதாவது ஒண்ணு எழுதோணும். பூட்டு உடையலைன்னே எழுதிக்கறேன். அதுவே போதும். மத்ததெல்லாம் எதுக்குங்க, பாவம்..."

நல்ல மனிதர்தான்.

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காது கேளாத கிழவர்களுக்குக் கடையில் மாத்திரை வேளை சொல்லும் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இல்லீங்க. ரெண்டாவது வரியையே எழுதுங்க."

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. "கண்ணு" என்று ஒரு குரல் வந்தது.

அவள் திரும்பவில்லை. சர்வேயர் எழுதி முடிக்கும்வரை பேனா முனையையே பார்த்திருந்தாள்.

பிறகு படிவத்தை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டாள். இந்தமுறை முழுக்க வாசித்துவிட்டு.