வலது தோள்

பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

தாடி வளர்த்திருந்தான். தாடி வளர்த்தால் கண் மாறிவிடுமா என்ன?

அடையாள அணிவகுப்புக்காக நீதிமன்றத்தின் பின்பக்க விறாந்தையில் ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளைச் சேட்டு. சந்தேக நபருக்குத் தாடி என்பதால் மற்றவர்களையும் தாடிக்காரர்களாகத் தேடிப் பிடித்து வந்திருந்தார்கள். சந்தையடியில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவரும் அதில் நின்றார். விருப்பமான இடத்தில் போய் நிற்கும் உரிமை சந்தேக நபருக்கு உண்டு. அவன் நடுவில் நின்றுகொண்டான்.

சட்டம் அவனுக்குப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்திருந்தது.

அவள் கையை நீட்டினாள்.

"அந்தா, அவன்தான்."

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். தன்மையாகத்தான் சொன்னார்.

"அப்பிடிக் காட்டினாக் காணாது அம்மா. கிட்டப் போய்த் தோளிலை கை வைக்க வேணும்."

இதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய சட்டத்தரணி மற்றதெல்லாம் சொல்லித் தந்திருந்தார். பதறாதே என்றார், ஒவ்வொருவராகப் பார் என்றார். இதை மட்டும் விட்டுவிட்டார். அவருக்கு இது தினமும் பார்க்கிற வேலை, மறந்திருப்பார்.

தொடுவதா? அவனையா?

வீட்டைச் சோதனை போட வேண்டும் என்று துவக்கோடு வந்தவன். அவளை வன்புணர்ந்துவிட்டு, தொப்பியைத் தலையில் சரிபார்த்து வைத்துக்கொண்டு போனவன்.

அன்றைக்குப் பிறகு கணவன் தண்ணீர்ச் செம்பை நீட்டினால்கூட விரல் படாமல் வாங்கப் பழகியிருந்தாள். பாவம் அந்த மனிதன், அவரும் செம்பை அடியில் பிடித்து நீட்டப் பழகிவிட்டார்.

திரும்பிப் போய்விடலாம். கதவு பின்னால்தான் இருந்தது. வெளியே மச்சாள் காத்துக்கொண்டிருந்தாள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போய்விடுவாள்.

வழக்கும் அதோடு போய்விடும்.

இராணுவ முகாமிலிருந்து முதலில் ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருந்தார்கள். அப்படி ஒரு ஆள் தங்களிடம் இல்லையாம். அன்றைக்கு அந்தப் பக்கம் எவரும் சோதனைக்கே போகவில்லையாம். அதை வாசித்த பொலிஸ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஊர் பார்த்தது. வராத ஒருவனுக்காக இவள் ஏன் வழக்குப் போடுகிறாள் என்று வாய் கூசாமல் கேட்டவர்களும் இருந்தார்கள்.

அந்த இல்லாத ஆள் இதோ நிற்கிறான்.

அவள் நடந்தாள்.

கிட்டப் போனபோது ஆட்டோக்காரர் அவளுக்கு இடம் விட்டுச் சற்று விலகி நின்றார். அசையக் கூடாது என்று பொலிஸ்காரர் அதட்டினார். அவர் அதைக் காதில் வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலே சுவரைப் பார்த்தபடி விறைப்பாக நின்றான்.

வலது தோளில் கையை வைத்தாள்.

குமட்டும் என்று நினைத்திருந்தாள். மயங்கி விழுவேன் என்றும் நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சேட்டு வியர்வையில் நனைந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு தோள், எல்லாருடைய தோளையும் போல.

நடுங்கிக்கொண்டிருந்தது.

தன் கைதான் நடுங்குகிறது என்று எண்ணி அதை அழுத்திப் பிடித்தாள். பிறகுதான் புரிந்தது.

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி ஒரு நிம்மதி. இவ்வளவு காலமும் அவன் அவளுடைய தலைக்குள் இருந்தான். அங்கே அவனுக்கு யாரிடமும் பயம் இல்லை. இப்போது வெளியே, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க நின்றுகொண்டிருக்கிறான்.

"சரி அம்மா, இனிக் கையை எடுக்கலாம்" என்றார் நீதவான்.

அவள் எடுக்கவில்லை.

அவனுடைய சட்டத்தரணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதவான் அவரைக் கையமர்த்தினார்.

"எழுதியாச்சோ ஐயா?" என்று அவள் எழுதுவினைஞரைப் பார்த்துக் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"வாசிச்சுக் காட்டுங்கோ."

எழுதுவினைஞர் நீதவானைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். அவனுடைய பெயர் இருந்தது. இலக்கம் இருந்தது. படைப்பிரிவும் முகாமும் இருந்தன. சாட்சி சந்தேக நபரின் வலது தோளில் கை வைத்து அடையாளம் காட்டினார் என்று இருந்தது.

"முகாமின்ரை பேரை இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தார். இந்த முறை கொஞ்சம் உரத்து.

அவள் கையை எடுத்தாள்.