நாற்பதாம் பக்கத்து டிக்கெட்

பார்சலில் வந்த தடித்த நாவலைப் பிரித்து, அலமாரியில் சமையல் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள் மங்கையர்க்கரசி.

“மறுபடியும் வந்துட்டியா?” என்றது சமையல் புத்தகம்.

நாவலுக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் இங்கே இருந்திருக்கேனா?”

“ரெண்டு வருஷம் இருந்தே. புத்தகம் மாத்திக்கிற வெப்சைட்டுல உன்னைக் கொடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கினா.”

அதற்கப்புறம் மூன்று ஊர், மூன்று வீடு. எல்லாருமே ஆசையாகக் கேட்டு வாங்கியவர்கள்தான்.

“அப்போ என்னை மறக்க முடியாமத்தான் திரும்ப வரவழைச்சிருக்கா” என்றது நாவல்.



சாயங்காலம் மங்கையர்க்கரசி நாவலைத் திறந்தாள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட் இருந்தது.

“யாரோ இதோட நிறுத்திட்டாங்க. வாங்குறதோட சரி, எவரும் படிக்கிறதில்ல” என்று முணுமுணுத்தாள்.

“அது இவ வெச்ச டிக்கெட்தான்” என்றது சமையல் புத்தகம்.

அவள் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான்காம் நாள் நாற்பதாம் பக்கம் வந்தது. கொட்டாவி விட்டபடி அதே டிக்கெட்டை அங்கேயே வைத்து மூடினாள். ஒரு வாரம் கழித்து நாவலை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்து, அதே வெப்சைட்டில் போட்டாள்.

நாவல் குழம்பிப்போய்ச் சமையல் புத்தகத்திடம் கேட்டது.

“எனக்கு முந்நூறு பக்கம்னு நினைச்சிட்டிருந்தேன். நாற்பதுதானோ?”