இது பத்துமா?

ஒரு பித்தளை டப்பாவுக்குள் பத்துச் சூடமும், அவை காற்றில் கரைந்துவிடாமலிருக்கக் காவலுக்குப் போட்ட ஒரு மிளகும் குடியிருந்தன.

வீட்டுக்காரி மரகதவல்லியின் விரல் உள்ளே வரும்போதெல்லாம் ஒரு சூடம் மட்டும் மூலையில் ஒண்டிக்கொள்ளும். மற்ற ஒன்பதும் ஒவ்வொன்றாக எரிந்து போயின.

"பாத்தியா மிளகு, நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன்" என்றது அது.

மிளகு தயங்கியது. "சார், முன்னாடியெல்லாம் உங்களுக்குப் பின்னாலதான் நான் மறைஞ்சு உக்காருவேன். இப்ப எனக்குப் பின்னால நீங்க மறையுறீங்க."

சூடம் தன்னைப் பார்த்துக்கொண்டது. நெருப்பு தொடாமலே முக்கால்வாசி காணாமல் போயிருந்தது.

"அப்புறம் என்னய்யா காவல் பாத்தே?"

"நான் பாத்ததாலதான் சார் இவ்வளவாவது மிச்சம்."

சூடம் உருண்டு உருண்டு டப்பாவின் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலை மரகதவல்லியின் மகள் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். ஆரத்தித் தட்டில் வெற்றிலையை வைத்துவிட்டு மரகதவல்லி அவசரமாக டப்பாவைத் திறந்தாள்.

"இத்துனூண்டுதான் இருக்கு. இது பத்துமா?"

"பத்தும்" என்றது சூடம்.

தீக்குச்சி பட்டதும் சட்டென்று பற்றிக்கொண்டது. தட்டு மூன்று சுற்று சுற்றி முடிக்கும்வரை அணையவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. அதன் இரண்டு கண்ணிலும் சூடம் எரிந்தது.