எத்தனை கோடு?

லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைவழியில் நடந்தேன்.

சிக்னல் ஒரு கோடு. இரண்டடி நகர்ந்தால் அதுவும் இல்லை.

கால் மணி நேரத்தில் இன்டர்வியூ. கணக்கு வேலை. இதுவும் கைநழுவினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டான். அண்ணி "வாம்மா" என்று சொல்கிற விதம் இருக்கிறதே, அதற்கு நாலு வார்த்தை திட்டியே விடலாம்.

போன இன்டர்வியூவில், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். நெட் போய்விட்டது. திறந்த வாயோடு உறைந்து நின்ற என்னை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, பாவம்.

இந்த வீட்டில் மூன்று அறை, மூன்று குடித்தனம், ஒரு பாத்ரூம், ஒரே வைஃபை. அந்தப் பெட்டி இருப்பது முன் அறை நர்ஸிடம். அவள் இரவு வேலை முடித்து வந்து கதவைத் தாழிட்டுத் தூங்குகிறாள். இடி விழுந்தாலும் எழமாட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்.

பின் அறையில் துணி தைக்கிற அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அக்காவின் போனுக்கு எங்கேயாவது சிக்னல் கிடைத்துவிடும். என் லேப்டாப்தான் மாமியார் மாதிரி. நேற்றுப் பிடித்த இடம் இன்றைக்குப் பிடிக்காது.

அதனால் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. "எத்தனை கோடு?" என்றுதான் கேட்போம்.

பாத்ரூம் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எத்தனை கோடுக்கா?"

அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு" என்றார், ரகசியம் போல.

"நல்லாத் தெரியுதா? நிக்குமாக்கா? போன தடவை மாதிரி பாதியில போயிடாதே?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "நிக்கணும்டி."

என் வேலைக்காக இப்படி உருகுகிறாரே என்று கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆனால் நேரமில்லை. "நகருங்க" என்று அவரைத் தள்ளாத குறையாக உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டேன்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். லேப்டாப் மடியில். பின்னால் வெள்ளைச் சுவர், நல்லதாகப் போயிற்று.

"உங்க ரூம் ரொம்பப் பெரிசோ? எதிரொலிக்குது" என்றார் அதிகாரி.

"ஹால் சார்" என்றேன். ஹாலில் குழாய் சொட்டியது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரே கோடு. அக்காவை மனசுக்குள் திட்டினேன்.

நடுவில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. இடிக்கு எழாத நர்ஸ் இதற்கு எழுந்துவிட்டாள். "சத்தம் போடாத, உள்ள நம்ம பொண்ணு இன்டர்வியூல இருக்கா" என்று அக்காவின் குரல் கேட்டது. தட்டல் நின்றது.

அந்த ஒற்றைக் கோடு எப்படியோ கடைசிவரை தாக்குப்பிடித்தது. அடுத்த வாரமே வந்து சேரச் சொன்னார்கள்.

அண்ணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தேன். அப்போதுதான் சோப்புத் தட்டைப் பார்த்தேன்.

தட்டுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குச்சி. அதன் நடுவில், இளஞ்சிவப்பாக, ரெண்டு கோடு.

வெளியே வந்தபோது அக்காவின் கையில் போன் இருந்ததா? இல்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, தையல் மெஷின் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த அக்கா. அவரிடம் போய் "போன தடவை மாதிரி" என்று கேட்டிருக்கிறேன். என்னைச் செவிட்டில் அறைய வேண்டும்.

அதுவும், சேதியை முதலில் கேட்டவளே நான்தான். கேட்டுவிட்டு "நகருங்க" என்றேன்.

கதவைத் திறந்தேன். அக்கா அங்கேயேதான் நின்றிருந்தார், ஒரு கை வயிற்றின் மேல், ஒரு கை நர்ஸைத் தடுத்தபடி.

"நின்னுச்சாடி?" என்றார்.

"நின்னுச்சுக்கா" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இதுவும் நிக்கும்."