சடை விழுந்த படம்

“முடியைத் தூக்கி உச்சியில கட்டுங்கம்மா.”

“கட்ட மாட்டேன்.”

எக்ஸ்ரே அறை வாசலில் நின்ற டெக்னீஷியன் கசோண்டேவுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பானா கபாசோ, அதாவது கபாசோவின் அம்மா, நெஞ்சு வரை தொங்கிய சன்னச் சடைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தாள். அறுபதை நெருங்கிவிட்ட பெண்பிள்ளை.

வரிசையில் பதினேழு பேர். பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். போனால் சாயங்காலம்தான் வரும்.

“படம் எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கா அனுப்பப் போறாங்க?” என்றாள் காலில் கட்டுப்போட்ட ஒருத்தி.

“எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். எலும்புக்கு எதுக்குடியம்மா அலங்காரம்?” என்றார் அவளுக்குப் பின்னாலிருந்தவர்.

பெஞ்சே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

இந்த வயசில் இத்தனை மினுக்கா என்று கசோண்டேவுக்கு எரிச்சல். ஆனாலும் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை. அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினான்.

“அம்மா, நாலு மாசம் முன்னாடி உங்களுக்குப் படம் எடுத்தவன் நான்தான். கரண்ட் போகப்போகுதேங்கிற அவசரத்துல, சடையை ஒதுக்கச் சொல்ல மறந்துட்டேன். நுரையீரல் மேல வெள்ளையா ஒரு திட்டு விழுந்துது. டிபின்னு மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க. இப்போ வந்திருக்கிற புது டாக்டர், ‘இது நோயா, சடையோட நிழலா’ன்னு கேட்கிறார். உங்க சளியில ஒருதரம்கூடக் கிருமி வரலை.”

“ஆமா, வரலை.”

“தப்பு என்னோடது. அதைச் சரிபண்ண விடுங்க. இல்லாத நோய்க்கு மாத்திரை முழுங்கினா ஈரல் கெட்டுப்போகும்.”

“கெடட்டும். மூட்டு வலிக்குது, சாப்பாடு பிடிக்கலை, எல்லாம் பழகிருச்சு. நீ போன தடவை மாதிரியே எடு தம்பி. சடை அதே இடத்துல விழட்டும்.”

கசோண்டே அவளையே பார்த்தான்.

“சடைதான் நிழல்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“என்னை இங்க வரச் சொன்னாளே நர்ஸ், அவ சொன்னா. அதனாலதான் நேத்துப் போய் அன்னிக்கு மாதிரியே பின்னிக்கிட்டு வந்தேன்.”

“எதுக்கும்மா?”

அவள் சடை நுனியை விரலில் சுற்றினாள்.

“என் மகன் கபாசோ தூரத்துல, கிட்வே டவுன்ல, சுரங்க வேலையில இருக்கான். போன் போட்டா எடுக்கறதில்லை. டிபின்னு தெரிஞ்சதும் பக்கத்து வீட்டுக்காரி கொடியில துணிகூட என் பக்கம் காயப்போடறதில்லை. சர்ச்சுல நான் உட்கார்ந்தா அந்த வரிசையே காலி. மாத்திரை முழுங்கறேனான்னு பார்க்க, பெசான்னு ஒரு பொண்ணு மட்டும் தினம் காலையில வருவா. ‘வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க’ம்பா. அவ போனா, மறுநாள் அவ வர்ற வரைக்கும் என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசறதில்லை. படம் சுத்தமா வந்துட்டா அவளும் வரமாட்டாளே, தம்பி.”

கசோண்டே மெஷின் பக்கம் திரும்பினான்.

“பொய்ப் படம் எடுக்கச் சொல்லாதீங்கம்மா. ஒருதரம் தெரியாம எடுத்துட்டேன். தெரிஞ்சே எடுத்தா நான் மனுஷன் இல்லை.”

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு ஒவ்வொரு சடையாக எடுத்து உச்சியில் சுருட்டிக் கட்டினாள். பலகையில் மார்பை ஒட்டி நின்றாள்.

“மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க.”

புதுப் படத்தில் திட்டும் இல்லை, தீற்றலும் இல்லை. டாக்டர் பழைய படத்தோடு வைத்துப் பார்த்து, அது சடை நிழல்தான் என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நோயில்லை என்ற சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, எழவு வீட்டிலிருந்து திரும்புகிறவள் போல அவள் நடந்துபோனதைக் கசோண்டே பார்த்துக்கொண்டே நின்றான்.

மத்தியானம் பெசா வந்தாள். காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற தொண்டர்.

“பானா கபாசோவுக்கு மாத்திரை நின்னாச்சு. நாளையிலேர்ந்து நீ போக வேண்டாம்” என்றான்.

பெசா ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினாள். கசோண்டேவுக்கு அந்த மௌனம் ஆத்திரமாக வந்தது.

“அப்பாடா, ஒரு வீடு குறைஞ்சுதுன்னு இருக்கா? உங்களுக்கெல்லாம் நோட்டுல ஒரு டிக் போட்டா வேலை முடிஞ்சுது. வேலை இல்லாட்டியும் ஒரு எட்டுப் போய், எப்படி இருக்கீங்கன்னு கேட்டா வாயிலிருக்கிற முத்தா உதிர்ந்துடும்?”

“சார், ரெண்டு மாசத்துக்கு மேல யாருக்கும் தினம் போக வேண்டியதில்லை. மாச மாத்திரையை மொத்தமாக் கொடுத்துட்டு வந்துடணும்னுதான் எங்களுக்கு உத்தரவு.”

“அப்போ நீ எதுக்கு இன்னிக்கு வரைக்கும் தினம் போனே?”

பெசா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் வேற ஊரு சார். வாடகை ரூம்ல தனியா இருக்கேன். உத்தரவைச் சொன்னா, ‘மாத்திரையைக் கொடுத்துட்டுப் போ, இனிமே வராதே’ன்னு அந்தம்மா சொல்லிடுவாங்களோன்னு பயந்து, மாச மாத்திரையை என் ரூம்லயே ஒளிச்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு நாளைக்கும் உள்ளதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனேன்.”